பீரங்கியின் குழந்தை

1840-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த கிப்ஸ் என்பவரிடம் ஒரு வேலை வருகிறது. வேலை கொடுத்தவருக்கு வயது 19. பெயர் சாமுவேல் பேக்கர். கப்பல்களும் கரும்புத் தோட்டங்களும் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கடையில் தொங்குகிற துப்பாக்கி எதுவும் அவருக்குப் போதவில்லை. தனக்கென்று ஒன்றைத் தானே வடிவமைத்துக் கொண்டுவந்திருந்தார். குழலின் நீளம் 36 அங்குலம், உள்ளே இரண்டே புரிகள், மொத்த எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ. அக்காலத்துச் சிப்பாய் தூக்கித் திரிந்த துப்பாக்கியைப் போல இரண்டு மடங்கு. உருண்டைக் குண்டு போட்டால் 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு போட்டால் 4 அவுன்ஸ். ஒரு வெடிக்கு 16 டிராம் கருமருந்து.

இந்தப் பையன் பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய் 'சர்' பட்டம் வாங்கியது தனிக்கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 1840. பெரிய துளை கொண்ட ரைபிளைச் சொந்த ஆசைக்காகச் சொல்லிச் செய்துகொள்வது என்ற பொழுதுபோக்கை எங்கிருந்தாவது எண்ணத் தொடங்க வேண்டுமென்றால், அந்த இடத்திலிருந்து தொடங்கலாம். இன்று அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் லேத் இயந்திரம் வைத்துக்கொண்டு, மாதக்கணக்காக உட்கார்ந்து இப்படிப்பட்ட துப்பாக்கிகளைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு பேக்கர் ஒருவகையில் கொள்ளுத்தாத்தா.

"நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த நமக்குத் துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் இடுப்பு, இல்லாவிட்டால் சினிமா. சம்பந்தம் இருக்கிறது. பேக்கர் தன் ரைபிளைத் தூக்கிக்கொண்டு போன முதல் காடு இலங்கையில் இருந்தது. அந்தக் காட்டுக்குப் பின்னாலேயே வந்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் ஓர் அளவுக் கணக்கு. பழைய துப்பாக்கிகளைத் துளையின் எண்ணால் சொல்வார்கள். 12 போர், 8 போர், 4 போர். இந்தப் 'போர்' யுத்தம் அல்ல, துளை. ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்து, அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் உருண்டைகளாக வார்த்தால் எத்தனை உருண்டை கிடைக்கும் என்பதுதான் அந்த எண். 12 உருண்டை கிடைத்தால் 12 போர். நம் கம்பத்துப் பக்கம் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருக்கும் செனாப்பாங் பாத்தா பெரும்பாலும் அந்த அளவு. நான்கு உருண்டைதான் கிடைக்கும் என்றால் 4 போர். ஒரு குண்டே கால் பவுண்டு. எண் சிறுக்கச் சிறுக்கத் துப்பாக்கி பெருக்கும். தலைகீழான கணக்கு. கருமருந்து மெதுவாக எரிவது, ஈயம் மென்மையானது. கெட்டியான மண்டையோட்டைத் துளைக்க வேண்டுமென்றால் குண்டின் வேகத்தைக் கூட்டுவதற்கு அன்று அதிக வழியில்லை. எடையைத்தான் கூட்ட முடியும். ஆகவே யானைத் துப்பாக்கிகள் வீங்கின.

பேக்கர் இலங்கைக்கு வந்தது 1845-இல். அதே ஆண்டு ஜூன் மாதம் அங்கே வேறொருவர் செத்துப்போனார். மேஜர் தாமஸ் ரோஜர்ஸ். பதுளைப் பக்கத்து அதிகாரி. அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் கொன்ற யானைகள் 1,400-க்கு மேல் என்று, அப்போது இலங்கை அரசின் காலனியச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் எழுதி வைத்திருக்கிறார். ரோஜர்ஸின் எண்ணிக்கையில் பாதியளவு கொன்ற அதிகாரிகளாக இன்னும் இரண்டு பேரைச் சொல்கிறார். ஒரு மனிதன், 1,400 யானை. அந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார்க்க வேண்டும்.

தந்தத்துக்காகத்தானே என்று தோன்றும். அங்கேதான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. இலங்கை யானைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. ஆண் யானைகளுக்கே அபூர்வம். பேக்கருக்கும் இது தெரியும், டென்னன்டுக்கும் தெரியும். இறைச்சிக்காகவும் அல்ல. சுட்ட இடத்திலேயே உடல் கிடந்து அழுகியது. வாலை மட்டும் வெட்டிக்கொள்வார்கள். ஏனென்றால் யானை பயிரை அழிக்கும் பிராணி என்று சொல்லி, தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று அரசாங்கம் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது. 1848-க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது என்பது டென்னன்ட் தரும் கணக்கு.

வட மாகாணம் என்றால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற வழி. அங்கே ஆனையிறவு என்று ஒரு இடம் இருக்கிறது. யானைகள் குடாநாட்டுக்குள் கடந்துபோன நீர்வழி என்பதால் அந்தப் பெயர். நம் தலைமுறைக்கு அது ஒரு யுத்தகளத்தின் பெயராக மட்டுமே தெரியும். யானை பெயரில் இருக்கிறது.

ஆக, பெருந்துளை ரைபிளின் கதையை வழக்கமாகச் சொல்கிறவர்கள் ஒரு வரிசையில் சொல்வார்கள்: முதலில் தேவை இருந்தது, ஆபத்தான விலங்கை எதிர்கொள்ள வேண்டியிருந்தது, அதற்காகக் கருவி பிறந்தது, பிறகு தேவை போய்விட்டது, கருவி மட்டும் பொழுதுபோக்காக மிஞ்சியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேக்கரின் ரைபிளையும் ரோஜர்ஸின் 1,400-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வரிசை நிற்கவில்லை. வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் கையில் அது தொடக்கத்திலேயே பொழுதுபோக்குதான். தேவை என்பது பக்கத்தில் இருந்த தோட்டக்காரரின் மனுவிலும் அரசாங்கத்தின் பரிசுப் பட்டியலிலும் இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று வசதியாக இருந்தன.

அந்தத் தோட்டம் காப்பித் தோட்டம். பேக்கர் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை போட்ட 1848-இல் கண்டிச் சீமையின் மலைகள் வேகமாக மொட்டையாகிக்கொண்டிருந்தன. காட்டை வெட்டி எரித்துக் காப்பிக் கன்று வைத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துபோன தமிழர்கள். யானைகளை ஒழித்தது ரைபிள் மட்டுமல்ல, காடு போனதும்தான். ஆனால் இரண்டு வேலையும் ஒரே காலத்தில் ஒரே மலையில் நடந்தன. ஒன்றைச் செய்தவர்கள் புத்தகம் எழுதினார்கள். பேக்கரின் இலங்கை வேட்டைப் புத்தகம் 1854-இல் வந்துவிட்டது. இன்னொன்றைச் செய்தவர்கள் கும்மியிலும் ஒப்பாரியிலும் பாடிவிட்டுப் போனார்கள். 1869-இல் இலைத்துரு நோய் வந்து இலங்கைக் காப்பியை வீழ்த்தத் தொடங்கியபோது, அங்கிருந்த துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்து காடு வெட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நம்ம வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

மறுபடியும் ரைபிளுக்கு வருவோம். இதைச் சுடுவது எப்படிப்பட்ட அனுபவம்? குண்டு முன்னால் போகும் உந்தம் முழுவதும் துப்பாக்கி வழியாகத் திரும்பித் தோளுக்கு வருகிறது. வெடிமருந்து கக்கும் வாயுவின் பங்கு தனி. துப்பாக்கி எவ்வளவு கனமோ அவ்வளவு மெதுவாகப் பின்னால் வரும். அதனால்தான் 21 பவுண்டு. எடையைக் குறைத்தால் தோள்பட்டை போய்விடும், கூட்டினால் தூக்க முடியாது. பெருந்துளை ரைபிள் செய்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்றுவரை அல்லாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நைல் பயணத்துக்காக பேக்கர் லண்டன் ஹாலண்டிடம் இன்னொன்று செய்து வாங்கினார். இதில் போடுவது அரைப் பவுண்டு வெடிகுண்டு. அவர் அதைச் செல்லமாக 'பேபி' என்று அழைத்தார். கூட வந்த அரபிகள் வைத்த பெயர் இன்னும் பொருத்தம்: பீரங்கியின் குழந்தை. சுடும்போது காற்றாடி மாதிரித் தன்னைச் சுழற்றிவிடும் என்று பேக்கரே எழுதியிருக்கிறார். அவரே அதைச் சுட அஞ்சினார். ஆள் சாதாரண ஆள் இல்லை, நல்ல வாட்டசாட்டம்.

பிரெடரிக் செலூஸ் என்ற இன்னொரு ஆங்கிலேயர் 1871-இல் தென்னாப்பிரிக்காவில் இறங்கினார். அவருக்கும் அப்போது வயது 19! கையில் இருந்தவை பர்மிங்காமில் செய்த மலிவான 4 போர் துப்பாக்கிகள், புரியில்லாத வழவழப்புக் குழல். அவற்றைக்கொண்டு மூன்று பருவங்களில் 78 யானைகளைச் சுட்டார். ஒருமுறை அவசரத்தில் ஒரே துப்பாக்கியில் இருமுறை மருந்து கெட்டிக்கப்பட்டிருந்தது தெரியாமல் சுட்டு, தூக்கியெறியப்பட்டார். அந்தத் துப்பாக்கிகளின் உதை தன் நரம்பைக் கெடுத்துவிட்டது, அவற்றைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்று பின்னாளில் புலம்பினார்.

தோளுக்கு வந்த உதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தோளில் சுமந்தவர்கள் அவ்வளவாக இல்லை. ஒன்பதரைக் கிலோ துப்பாக்கியை வேட்டைக்காரர் நாளெல்லாம் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. துப்பாக்கி தூக்க ஆள் உண்டு. ஒன்றைச் சுட்டதும் இன்னொன்றைக் கையில் கொடுக்க அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். யானை பாய்ந்து வரும்போது ஓடக் கூடாது. கையில் இருக்கும் ஆயுதத்தைத் தானே சுடவும் கூடாது. யோசித்துப் பாருங்கள், இதைவிட விசித்திரமான வேலை ஒன்று உலகத்தில் இருக்குமா?

1890-களில் கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்து வந்ததும் எல்லாம் மாறியது. வேகம் கிடைத்துவிட்டது. இனி கால் பவுண்டு ஈயம் வேண்டாம். உலோக உறையிட்ட மெலிந்த குண்டு போதும். 1898-இல் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவைக் கொண்டுவந்தது. அளவைச் சொல்லும் முறையும் மாறியது. உருண்டைக் கணக்கு போய் அங்குலத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு வந்தது. துளை பாதியாகச் சுருங்கியும் யானை விழுந்தது. துப்பாக்கியின் எடையும் குறைந்தது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1907-இல் பிரிட்டிஷ் அரசு .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவிலும் சூடானிலும் தடை செய்தது. காரணம் யானை மீதான கருணை அல்ல. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிளும் அதே .450. கிளர்ச்சிக்காரர்கள் கையில் அந்த ரைபிள்கள் இருந்தன. துரைமாரின் வேட்டைத் தோட்டாவிலிருந்து குண்டும் மருந்தும் அவர்களுக்குப் போய்விடும் என்ற பயம். உடனே லண்டன் கடைகள் தங்கள் அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிவைத்தன. .465, .470, .475 என்று ஒரு கூட்டமே இந்தியச் சந்தைக்கு வந்து இறங்கியது. இன்று உலகம் முழுக்க இரட்டைக்குழல் ரைபிள் பிரியர்கள் உச்சிமுகரும் .470-க்கு மவுசு வந்தது இந்தத் தடையால்தான். அதைக் கையில் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு அது ஆங்கிலேயன் நம் ஆட்களுக்குப் பயந்ததன் நினைவுச்சின்னம் என்று தெரியும்?

1911-இல் .416 ரிக்பியும் .505 கிப்ஸும் வந்தன. கிப்ஸ் என்றால் அதே பிரிஸ்டல் கிப்ஸ்தான். 25 ஆண்டு கழித்து அந்த .505 இலக்கியத்துக்குள் நுழைந்தது. 1936-இல் வெளிவந்த ஹெமிங்வேயின் பிரான்சிஸ் மகோம்பர் கதையில் தொழில்முறை வேட்டைக்காரன் வில்சன் தூக்கி வருவது அதைத்தான். ஹெமிங்வேக்கு ரைபிளின் அளவு பாத்திரத்தின் குணத்தைச் சொல்லும் ஒரு விவரம். பெரிய துளை, அலட்டலில்லாத கை, பயமில்லாத ஆள். கதையின் மகோம்பர் அந்தப் பயமின்மையைத்தான் தேடுகிறான்.

அதே 1936-இல்தான் ஜார்ஜ் ஆர்வெல்லின் யானை சுடும் கட்டுரையும் வந்தது. பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த கதைசொல்லி முதலில் சின்னத் துப்பாக்கியோடு போகிறான். பிறகு ஆளனுப்பி யானை ரைபிளை வரவழைக்கிறான். தற்காப்புக்குத்தான், சுடுவதற்கு அல்ல. ஆனால் அந்தப் பெரிய ரைபிளைப் பார்த்ததுமே ஊர் திரண்டு பின்னால் வருகிறது. கூட்டம் வந்தபிறகு சுடாமல் திரும்ப முடியாது. அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருந்த யானையைச் சுடுகிறான். இரண்டு எழுத்தும் ஒரே ஆண்டில் ஒரே கருவியைப் பற்றிப் பேசுகின்றன. ஒருவர் அதில் ஆண்மையைப் பார்க்கிறார். மற்றவர், கையில் பெரிய ரைபிள் வந்துவிட்டால் அதற்கு ஒரு யானையைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பதைப் பார்க்கிறார். எனக்கு ஆர்வெல் சொல்வதுதான் பேக்கரிடமும் பொருந்துகிறது.

அந்தக் கட்டுரையில் யானை மிதித்துச் செத்த ஆளை நினைவிருக்கிறதா? கறுத்த திராவிடக் கூலி என்றுதான் ஆர்வெல் அவரைக் குறிப்பிடுகிறார். பெயர் கிடையாது. ஒரு கூலி செத்ததற்காக யானையைச் சுடுவதா, யானைதான் விலை கூட என்று ஐரோப்பியர்கள் பேசிக்கொள்வதாக வருகிறது. சட்டப்படி தன் செயலுக்கு அந்தச் சாவு காரணமாகக் கிடைத்ததே என்று கதைசொல்லி நிம்மதி அடைகிறான். தமிழரோ தெலுங்கரோ, நம்ம ஆள் ஒருவர் அந்த உலகப் புகழ்பெற்ற கட்டுரையில் சேற்றில் கிடக்கிறார்.

இவ்வளவும் சொன்னபிறகு கைத்திறனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நியாயமல்ல. லண்டனின் பழைய கடைகளில் இரட்டைக்குழல் ரைபிள் ஒன்று உருவாவது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. உலோகத்தை மரக்கட்டையில் பொருத்தும்போது, உலோகத்தின்மீது விளக்குப் புகைக் கரியைப் பூசி அழுத்திப் பார்ப்பார்கள். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் இழைத்தெடுப்பார்கள். மறுபடி கரி, மறுபடி அழுத்தம். நூற்றுக்கணக்கான தடவை. கடைசியில் தலைமயிர் நுழைய இடமிருக்காது. அதைவிடக் கடினம் இரண்டு குழலையும் ஒரே இலக்கில் சேர்ப்பது. குழல்கள் வெறுமனே இணையாக இருந்தால் குண்டுகள் ஒன்றுசேராது. உதையில் துப்பாக்கி பக்கவாட்டில் அசையும். அதனால் ஒருவர் உட்கார்ந்து சுட்டுப் பார்த்து, குழல் முனையில் பற்றவைத்ததை உருக்கிக் கொஞ்சம் நகர்த்தி, ஆறவைத்து, மறுபடி சுட்டு, மறுபடி உருக்கி, இரண்டு குண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழும்வரை செய்வார். கணக்குப் போட்டுச் செய்ய முடியாத வேலை. தோள்தான் கருவி. நம் ஊரில் மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவரைப் பார்த்திருந்தால் இந்தப் பொறுமை புரியும். இதைச் செய்கிறவனுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி பொய்யல்ல.

ஆனால் அந்தத் திறன் எதைத் துரத்தியது? ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1970-களில் ஒரு .600 ரைபிளை 'இதுவே கடைசி' என்று அறிவித்து விற்றது. பிறகு ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளர் வந்து எனக்கும் ஒரு .600 வேண்டும் என்றார். கொடுத்த வாக்கை மீற முடியாது. அப்படியானால் அதைவிடப் பெரிதாக ஒன்று செய்யலாமே? 1988-இல் .700 நைட்ரோ எக்ஸ்பிரஸ் பிறந்தது. குண்டு 1,000 கிரெய்ன், ஏறத்தாழ 65 கிராம். ரைபிள் எட்டுக் கிலோவுக்கு மேல். உலகத்தில் எந்த யானையும் அதற்குள் பெரிதாகிவிடவில்லை. துளை பெரிதானது ஒரு வாக்குறுதியைக் காப்பாற்ற.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே துரைமார் கடை கிடையாது, கராஜ் உண்டு. இருக்கிற தோட்டாவின் உறையை மாற்றியமைத்துச் சொந்தமாக ஒரு தோட்டா உருவாக்கி, அதற்கேற்ற ரைபிளைச் செய்துகொள்கிற பழக்கத்துக்கு அங்கே 'வைல்ட்கேட்' என்று பெயர். காட்டுப்பூனை, அதாவது எந்த நிறுவனத்தின் கூண்டிலும் இல்லாதது. ராய் வெதர்பி என்ற காப்பீட்டு விற்பனையாளர் கலிபோர்னியாவில் இப்படி ஆரம்பித்தவர்தான். 1958-இல் அவர் நிறுவனம் வெளியிட்ட .460, கடையில் வாங்கக்கூடிய தோட்டாக்களில் அன்று மிகச் சக்திவாய்ந்தது. ஜாக் லாட் என்பவரை 1959-இல் மொசாம்பிக்கில் ஒரு காட்டெருமை முட்டித் தூக்கியது. அவர் வைத்திருந்த .458 அதை நிறுத்தவில்லை. பிழைத்து வந்தவர் 1971-இல் தன் பெயரில் ஒரு தோட்டாவை உருவாக்கினார். இந்த நீண்ட வரிசையில் உண்மையாகவே தேவை என்று சொல்லத் தகுந்த காரணம் வைத்திருந்தவர் அவர். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

1982-இல் டென்னசி மாநிலத்தில் ரோனி பாரெட் என்ற புகைப்படக்காரர் ஒரு பழைய ரோந்துப் படகைப் படமெடுத்தார். அதில் பிரவுனிங் கனரக இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. அந்த அரை அங்குலத் தோட்டா முதல் உலகப் போரின் முடிவில் கவச வண்டிகளை நினைத்து உருவாக்கப்பட்டது. இதைத் தோளில் வைத்துச் சுடும்படி ஒரு ரைபிள் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பொறியியல் படிப்பு கிடையாது. கையால் வரைந்த படங்களோடு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். முடிகிற காரியமாக இருந்தால் அறிவாளி எவனாவது இதற்குள் செய்திருப்பான் என்று சிரித்தார்கள். கடைசியில் தன் வீட்டுக் கராஜில் வைத்தே செய்துவிட்டார். 1989-இல் சுவீடன் ராணுவம் 100 வாங்கியது. அடுத்து அமெரிக்கக் கடற்படைப் பிரிவு வளைகுடாப் போருக்கு வாங்கியது. 1990-களில் வட அயர்லாந்தின் தென் அர்மாவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை ஒளிந்திருந்து கொன்றதும் பாரெட் ரைபிள்தான். 1907-இல் கிளர்ச்சிக்காரன் கைக்குப் போய்விடும் என்று பயந்த அரசு, 90 ஆண்டு கழித்துத் தன் வாசலிலேயே அதைச் சந்தித்தது. கலிபோர்னியா 2004-இல் சட்டம் இயற்றி இந்த வகை ரைபிள்களைத் தடை செய்தது. டென்னசி 2016-இல் அதைத் தன் மாநில ரைபிளாக அறிவித்தது. ஒரே நாடு!

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி துளை அரை அங்குலத்தைத் தாண்டினால் அது 'அழிவுச் சாதனம்' ஆகிவிடும். வெடிகுண்டோடு சேர்த்து எண்ணுவார்கள். விளையாட்டுக்கு உரியது என்று அரசு ஒப்புக்கொண்டால் விலக்கு உண்டு. ஒஹாயோவின் எஸ்.எஸ்.கே. நிறுவனத்தில் ஜே. டி. ஜோன்ஸ் வடிவமைத்த .950 ரைபிளுக்கு அந்த விலக்கு கிடைத்தது. செய்தது மூன்றே மூன்று. எடை 85 பவுண்டுக்கு மேல், கிட்டத்தட்ட 40 கிலோ. தோட்டாவின் உறையைப் போர் விமானப் பீரங்கியின் உறையிலிருந்து வெட்டி எடுத்தார்கள். குண்டு 3,600 கிரெய்ன். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அரைப் பவுண்டுக்குச் சற்று மேல். பேக்கரின் 'பேபி'யில் போட்ட அதே எடை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சுற்றிவந்து பீரங்கியின் குழந்தையிடமே திரும்பி வந்திருக்கிறார்கள். இந்தமுறை யானைகூட இல்லை. மேசை மேல் ஒரு தாங்கியில் வைத்து, வெறும் இலக்கை நோக்கிச் சுடுகிறார்கள்.

ஒருவகையில் இதுதான் நேர்மையான கட்டம் என்றும் சொல்லலாம். கொல்வதற்கு எதுவுமில்லை, பரிசு ஷில்லிங் இல்லை, தூக்க ஆள் இல்லை. தானே செய்து, தானே சுமந்து, தன் தோளிலேயே உதை வாங்கிக்கொள்கிறான். பேக்கருக்கும் ரோஜர்ஸுக்கும் இருந்த சாக்கு இவனுக்கு இல்லை. பெரிதாக ஒன்று வேண்டும் என்ற ஆசை மட்டும் துணியில்லாமல் நிற்கிறது. ஆனால் பாரெட்டின் கராஜிலிருந்து புறப்பட்டது எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் கூடவே பார்க்க வேண்டியிருக்கிறது. செய்தவனின் கையை விட்டபிறகு பொழுதுபோக்கு பொழுதுபோக்காகவே இருப்பதில்லை.

நம் இரண்டு நாட்டிலும் இப்படியொரு பொழுதுபோக்குக்கு இடமில்லை. மலேசியாவில் 1960, 1971-ஆம் ஆண்டுச் சட்டங்களும் சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டுச் சட்டமும் துப்பாக்கி விஷயத்தில் எவ்வளவு கடுமை என்பது எல்லாருக்கும் தெரியும். சிங்கப்பூரில் குற்றத்தில் துப்பாக்கியைச் சுட்டாலே தூக்கு என்ற அளவுக்கு; மலேசியாவிலும் 2023 வரை அப்படித்தான் இருந்தது. அதனால் இதெல்லாம் வேறு யாருடைய கதையோ என்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் மலாயாவுக்கும் ஒரு பெருந்துளைக் கதை இருந்தது. தியோடர் ஹப்பேக் 1895-இல் இங்கே வந்தவர். தோட்டக்காரர். யானையையும் செலாடாங்கையும் சுட்டதைப் பற்றி 1905-இல் புத்தகம் போட்டார். அப்புறம் அந்த ஆளிடம் ஏதோ மாறியது. 1920-களிலும் 30-களிலும் காட்டு விலங்குகளுக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார். பயிரைக் காக்கிறோம் என்ற பெயரில் நடக்கும் கொலையை எதிர்த்தார். 1932-இல் வனவிலங்கு ஆணையத்தின் நீண்ட அறிக்கையை எழுதினார். 1930-களின் இறுதியில் அமைந்த தேசியப் பூங்கா, இன்று நாம் படகேறிப் போகும் தாமான் நெகாரா, பெரும்பாலும் அவர் விடாப்பிடியால் வந்தது. சுட்டவரே காத்தார் என்று இதைக் கொண்டாட வேண்டியதில்லை. எந்தச் சாக்கில் சுட்டார்களோ, அந்தச் சாக்கை உள்ளேயிருந்து அறிந்த ஒருவர் அது சாக்குதான் என்று எழுதிவைத்தார். அது போதும்.

பழைய யானை ரைபிள்கள் இன்று ஏலத்தில் பெரிய விலைக்குப் போகின்றன. யார் செய்தது, எந்த ஆண்டு, எந்தத் துரைக்கு விற்றது என்று கடையின் பழைய பேரேட்டிலிருந்து எடுத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அந்தப் பேரேடுகளில் துப்பாக்கி தூக்கியவருக்கு ஒரு பத்தி கிடையாது. மேஜர் ரோஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அவருக்குப் பிறகும் அதில் மின்னல் விழுந்துகொண்டே இருக்கிறது என்று அங்குள்ளவர்கள் சொல்வதுண்டு, யானைகளின் சாபமாம். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே விழுந்தவர்களுக்கு மின்னல் விழுவதற்குக்கூட ஒரு கல் இல்லை.